அண்ணியின் ஒரு நாளை எழுதிப் பார்த்தேன்

ஸ்டுட்கார்ட்டில் நாங்கள் இருப்பது இரண்டாவது மாடி. நேர் கீழ்வீட்டில் 84 வயதுப் பாட்டி ஒருவர் தனியாக இருந்தார். அவர் வீட்டுச் சாவி ஒன்று எங்களிடம் இருக்கும். ஜெர்மன் வீடுகளில் ஜன்னலுக்கு வெளியே 'ரோல்லாடன்' என்று ஒரு சுருள் தடுப்பு உண்டு. இரவில் இறக்கிவிட்டுக் காலையில் ஏற்றுவார்கள். காலை எட்டு மணிக்குள் பாட்டி வீட்டு ரோல்லாடன் மேலே ஏறவில்லை என்றால் நான் இறங்கிப் போய் மணி அடிக்க வேண்டும். பதில் இல்லையென்றால் சாவி போட்டு உள்ளே போக வேண்டும். பாட்டியின் மகள் பக்கத்து ஊரான எஸ்லிங்கனில் இருந்தார், மகன் ஹாம்பர்க்கில்.

பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகும்போது தினமும் அந்த ஜன்னலைப் பார்ப்பேன். பெற்ற பிள்ளைகள் இரண்டு பேர் இருந்தும் சாவி அடுத்த வீட்டுக்காரியிடம் இருக்கிறதே என்று மனசு கஷ்டப்படும். ஊருக்குப் போன் போடும்போது அம்மாவிடம் சொன்னால், "அய்யோ பாவம், நம்ம ஊர்ல இப்படி விடுவாங்களா" என்பார். அம்மா கும்பகோணத்தில் அண்ணன், அண்ணி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகளோடு ஒரே வீட்டில் இருக்கிறார். அதில் எனக்குப் பெருமை. அதைவிட, பெரிய நிம்மதி.

அந்த நிம்மதியை யாருடைய உழைப்பு எனக்குத் தந்துகொண்டிருந்தது என்று புரிய எனக்கு ஒரு வருடம் ஆனது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். வயதான பெற்றோர் ஓர் ஊரிலும் தான் வேறு ஊரிலும் இருக்கிற எல்லோரும் இதைப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். குறிப்பாக, "அங்கே அண்ணி இருக்காங்க, பாத்துப்பாங்க" என்று சொல்லிப் பழகிய என்னைப் போன்ற மகள்கள்.

2022 பிப்ரவரியில் ஒருநாள் ரோல்லாடன் ஏறவில்லை. சாவி போட்டு உள்ளே போனேன். பாட்டி குளியலறைத் தரையில் கிடந்தார். நினைவு இருந்தது, எழ முடியவில்லை. மருத்துவமனையிலிருந்து ஐந்து வாரம் கழித்துத் திரும்பியபோது, தானாக எழவோ உடுத்தவோ முடியாத நிலை. இனிமேல் முதியோர் இல்லம்தான் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். ஆனால் மகள் வேலையைப் பாதி நேரமாகக் குறைத்துக்கொண்டு தினமும் வந்துபோக ஆரம்பித்தார். ஒருநாள் மதியம் என்னையும் கூப்பிட்டார். "இன்ஷூரன்ஸிலிருந்து மதிப்பீடு செய்ய வருகிறார்கள், நீயும் கொஞ்சம் இருக்க முடியுமா?"

ஜெர்மனியில் 1995 முதல் பராமரிப்புக் காப்பீடு என்று ஒன்று கட்டாயமாக இருக்கிறது. சம்பளம் வாங்குகிற எல்லோரிடமும் மாதாமாதம் பிடிப்பார்கள். என் சம்பளத்திலும் பிடிக்கிறார்கள். குழந்தை இல்லாதவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல், நிறையக் குழந்தைகளை வளர்ப்பவர்களுக்குக் குறைவு. யாராவது படுத்துவிட்டால் ஒரு மதிப்பீட்டாளர் வீட்டுக்கே வந்து பார்த்து, ஒன்றிலிருந்து ஐந்து வரை ஒரு நிலையைப் பரிந்துரைப்பார். சம்பளச் சீட்டில் அந்த வரியைப் பல வருடம் பார்த்திருக்கிறேன். அது எதற்கு என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

வந்த அம்மாள் மருத்துவ அறிக்கையைப் புரட்டிவிட்டு ஓரமாக வைத்தார். பிறகு கேள்விகள். படுக்கையிலிருந்து எழுப்புவது யார்? சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்வாரா? ராத்திரி எத்தனை முறை எழுந்திருக்கிறார்? மாத்திரையை எடுத்துக் கையில் கொடுக்க வேண்டுமா, எடுத்து வைத்தால் போதுமா? மகள் பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பதினான்கு நாள் கணக்கு, மணி போட்டு எழுதியிருந்தார். மதிப்பீட்டுக்கு முன் இப்படி நாட்குறிப்பு எழுதி வைப்பது அங்கே வழக்கமாம். அந்த அம்மாள் ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். ஒரு பெண் தன் தாய்க்குச் செய்ததை இன்னொருவர் அலுவலக மரியாதையோடு உட்கார்ந்து படிப்பதை அதுவரை நான் பார்த்ததில்லை.

பாட்டிக்கு மூன்றாம் நிலை கிடைத்தது. வீட்டார் பார்த்துக்கொண்டால் அப்போது மாதம் 545 யூரோ, 2025 முதல் 599. வெளி ஆள் வந்து உதவினால் அதற்கேற்பக் குறையும். பணம் பாட்டி கணக்குக்கு வரும், அவர் மகளுக்குக் கொடுப்பார். பணத்தைவிட என்னை யோசிக்க வைத்தவை வேறு இரண்டு. தாயைப் பார்த்துக்கொள்ள வேலையைக் குறைத்துக்கொண்ட அந்த மகளின் ஓய்வூதியக் கணக்கில் காப்பீடே பணம் கட்டுகிறது. அடுத்தது, வருடத்தில் அப்போது ஆறு வாரம் வரை, 2025 ஜூலை முதல் எட்டு வாரம் வரை, அவர் ஓய்வெடுத்துக்கொண்டால் மாற்று ஆள் வைக்கத் தனியாகத் தொகை உண்டு. ஆகஸ்ட் மாதம் அவர் இரண்டு வாரம் வட கடல் பக்கம் போய்விட்டு வந்தார். அம்மா படுக்கையில் இருக்கும்போது கடற்கரைக்கா என்று எனக்கு ஆறவே இல்லை. அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

இன்னொரு விஷயத்திலும் எனக்கு அதிர்ச்சி. தாயைக் குளிப்பாட்ட மட்டும் அவர் வெளியிலிருந்து நர்ஸை வரவழைத்தார். "அம்மாவுக்கு நான் குளிப்பாட்டுவது பிடிக்கவில்லை. அவருக்கு நான் மகளாகவே இருக்க வேண்டும்" என்றார். நம் ஊரில் குளிப்பாட்டிவிடுவதுதானே மகள். வெகு நாள் இதை யோசித்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளைக்காரர்கள் பெற்றோரை இல்லத்தில் தள்ளிவிடுவார்கள் என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். ஜெர்மனியில் 2023 இறுதிக் கணக்குப்படி பராமரிப்பு தேவைப்படுவோர் சுமார் 57 லட்சம் பேர். அவர்களில் 86 விழுக்காட்டினர் வீட்டிலேயே இருக்கிறார்கள். பாதிக்கு மேற்பட்டோரைப் பெரும்பாலும் உறவினர்கள் மட்டுமே பார்த்துக்கொள்கிறார்கள். கணவன், மனைவி, மகள், மருமகள். இத்தனைக்கும் 2020 முதல், வருடத்துக்கு ஒரு லட்சம் யூரோவுக்கு மேல் சம்பாதிக்கும் பிள்ளைகளிடம் மட்டும்தான் பெற்றோரின் செலவை அரசு கேட்க முடியும். சட்டம் கட்டாயப்படுத்தாதவர்களும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். பாசம் அங்கே குறைவு என்று நினைத்திருந்தது என் அறியாமை.

அந்த 2022 செப்டம்பரில் கும்பகோணத்தில் அம்மா கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிவு. தஞ்சாவூரில் அறுவை சிகிச்சை செய்து பந்துக்கிண்ண மூட்டை மாற்றினார்கள். அறுவை நல்லபடியாக முடிந்தும் அம்மா பழையபடி நடக்கவில்லை. 76 வயது, சர்க்கரை, விழுந்த பயம். நான் டிசம்பர் கடைசியில்தான் போக முடிந்தது, மூன்று வாரம்.

போனதும் நான் செய்தது அதிகாரம். அதை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமே இல்லை. "அண்ணி, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கணும், இல்லைன்னா புண் வந்துரும்." "அண்ணி, புரதம் பத்தல, தினம் முட்டை குடுங்க." எல்லாம் சரியான ஆலோசனைதான். அண்ணி எதற்கும் பதில் பேசவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். ஒருநாள் இரவு துணி எடுக்கக் கொல்லைப்பக்கம் போனேன். துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அண்ணி போனில் பட்டுக்கோட்டையில் இருக்கிற தன் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். "பொங்கலுக்கும் வர முடியாது போலருக்கும்மா. கண்ணுக்கு மருந்து நேரத்துக்கு ஊத்திக்கிறியா?" அவர் அம்மாவுக்கு அக்டோபரில் கண்புரை அறுவை நடந்திருக்கிறது. பட்டுக்கோட்டை என்ன, ரெண்டு மூணு மணி நேரப் பயணம். நான்கு மாதமாகப் போகவில்லை. ஸ்டுட்கார்ட்டிலிருந்து கிளம்பி நான் என் அம்மாவைப் பார்க்க வந்துவிட்டேன்.

மறுநாள் பிள்ளைகளின் பழைய நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். காலை 4.40, அம்மாவை எழுப்பிக் கமோடு நாற்காலியில் உட்கார வைத்தல். 4.55, விரிப்பு மாற்றல், நனைந்ததை ஊற வைத்தல். 5.20, சர்க்கரை பார்த்தல். 5.40, இன்சுலின், பிறகு கஞ்சி. இப்படியே இரவு 11.10 வரை. வாக்கர் பிடித்து நடக்கவைத்தது இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் அண்ணியின் வலது கை அம்மாவின் அக்குளுக்குக் கீழே. அந்த மணிக்கட்டில் கறுப்புப் பட்டை கட்டியிருந்ததை வந்த முதல் நாளே பார்த்திருக்கிறேன். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. சமையல், பிள்ளைகள், அண்ணன் கடைக்குச் சாப்பாடு கட்டுவது எல்லாம் இவற்றுக்கு நடுவில். மொத்தம் 43 வரிகள்.

மறுநாள் மத்தியானம் அண்ணியிடம் நோட்டைக் கொடுத்தேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, நின்றபடியே முழுதும் படித்தார். "ராத்திரி ரெண்டு தடவை எழுந்ததை எழுதலையே" என்றார். "நீ தூங்கிட்டே." பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "இவ்ளோவா செய்யிறேன்?" அழவில்லை. நோட்டின் அட்டையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

நம் சட்டத்தைப் படித்தது அதற்கப்புறம்தான். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு நலச் சட்டம், 2007. பராமரிக்கக் கடமைப்பட்ட 'பிள்ளைகள்' யார் என்று அதில் இருக்கிறது: மகன், மகள், பேரன், பேத்தி. மருமகள் அந்தப் பட்டியலில் இல்லை. அடுத்து வீடு. அப்பா சொந்தமாக வாங்கிய வீடு, உயில் எழுதாமல் போனார். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, அண்ணன், நான் மூவருக்கும் சமபங்கு. அதிலும் அண்ணிக்கு இடமில்லை. கடமையும் எனக்கு, பங்கும் எனக்கு. 43 வரியும் அண்ணிக்கு. ஜெர்மன் மொழியில் அண்ணிக்கும் நாத்தனாருக்கும் ஒரே சொல்தான். தமிழில் ஒவ்வொரு உறவுக்கும் தனிப் பெயர் வைத்துக் கூப்பிடுகிறோமே என்று பெருமையாகச் சொல்வேன். பெயர் இருந்தது, அவர் செய்வதற்குக் கணக்கு இல்லை.

அண்ணனிடம் பேசினேன். மாதம் 10,000 ரூபாய் அண்ணியின் சொந்தக் கணக்குக்கு அனுப்புகிறேன், அதை அண்ணி தன் பெயரில் பி.பி.எஃப். என்கிற அரசின் நீண்டகாலச் சேமிப்புக் கணக்கில் போட்டு வைக்கட்டும் என்றேன். அண்ணிக்கு 46 வயது. பி.பி.எஃப். 15 வருடத்தில் முதிர்கிறது, வருடத்துக்கு ஒன்றரை லட்சம் வரை போடலாம். 61 வயதில் அவர் கையில் அவருடைய பணம் இருக்கும். அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "எங்கம்மாவைப் பாத்துக்கிறதுக்கு என் பொண்டாட்டிக்குக் கூலி குடுக்கிறியா?" மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. அவர் கோபம் எனக்குப் புரிந்தது. நம் வீடுகளில் இதற்கெல்லாம் காசு என்ற பேச்சே அவமானம். கீழ்வீட்டுப் பாட்டி மகளுக்குப் பணம் கொடுத்தபோது மகள் கூலிக்காரி ஆகிவிடவில்லை என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. கடைசியில் அண்ணியே பேசினார். "எனக்குன்னு ஒரு பாஸ்புக் இருந்தா நல்லாருக்கும்ங்க." அவ்வளவுதான். அண்ணன் வங்கிக்குக் கூட்டிப் போனார்.

இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: பணத்தை வீட்டுச் செலவோடு சேர்த்து அனுப்பாதீர்கள். அரிசி பருப்புக்கு அனுப்புவது வேறு, அது அம்மாவுக்கு. பார்த்துக்கொள்பவருக்கு அனுப்புவது அவர் பெயரில் உள்ள கணக்குக்கே போக வேண்டும். தொகை சிறியதாக இருந்தாலும் மாதம் தவறக்கூடாது. நீங்களாக நோட்டை நீட்டிப் பேச்சை ஆரம்பிக்கும் முன், பார்த்துக்கொள்பவரிடம் தனியாக உட்கார்ந்து "உங்களுக்கு எது ரொம்ப கஷ்டமா இருக்கு?" என்று கேளுங்கள். நான் அதைக் கடைசியில்தான் கேட்டேன். சமையல், துணி, ராத்திரி விழிப்பு எதையும் அண்ணி சொல்லவில்லை. "அத்தையைத் தூக்கி நிறுத்துறதுதான்" என்றார். மணிக்கட்டு.

அந்த ஒரு பதிலை வைத்தே பாதி மாற்றங்கள் நடந்தன. கட்டிலுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து உயர்த்தினோம். தாழ்ந்த இடத்திலிருந்து எழுவதுதான் மாற்று மூட்டுக்கும் தூக்குபவர் கைக்கும் கஷ்டம். கழிவறையில் உயரமான கோப்பையும் சுவரில் பிடிகம்பியும் வைத்தோம். அம்மாவால் இனிக் குந்தியோ சம்மணமிட்டோ உட்கார முடியாது. அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் 2021 முதல் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். இயன்முறை சிகிச்சையும் வீட்டிலேயே உண்டு. அண்ணன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்தார், இயன்முறை மருத்துவர் வந்து பயிற்சி சொல்லிக்கொடுத்தார். மாலை நடைப்பயிற்சியும் மாத்திரைப் பெட்டியும் இப்போது அண்ணன் பொறுப்பு. கடையை ஒரு மணி நேரம் முன்னதாகப் பையனிடம் விட்டுவிட்டு வருகிறார்.

குளிப்பாட்டும் விஷயத்தில் பாட்டியின் மகள் சொன்னது நினைவுக்கு வந்து, அம்மாவிடம் முதல்முறையாகக் கேட்டேன். "அண்ணி குளிப்பாட்டுறது ஒனக்குப் பரவால்லையாம்மா?" அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "அவளுக்கு முதுகு வலிக்குது, எனக்குத் தெரியும். சொன்னா மனசு சங்கடப்படுவா. ஒரு ஆளு வெச்சா தேவலை." எங்கள் யாருக்கும் அது தெரியாது. அம்மாவிடம் யாரும் கேட்கவே இல்லை.

ஆள் வைத்தோம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஓர் ஏஜென்சி மூலம் வலங்கைமான் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண் பகல் நேரத்துக்கு வந்தார். நாங்கள் கொடுத்தது நாளுக்கு 800 ரூபாய். அவர் கைக்குப் போனது 550 என்று இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. எட்டு வயது மகளைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டுக் காலை ஆறு மணி பஸ் பிடித்து வருகிறார். அதே சமயத்தில் ஸ்டுட்கார்ட்டில் பாட்டி இன்னும் தளர்ந்துவிட, போலந்திலிருந்து ஒரு பெண்மணி வந்து வீட்டோடு தங்கினார். இரண்டு மாதம் இங்கே, இரண்டு மாதம் ஊரில். அவருக்கே பேரப்பிள்ளைகள் உண்டு. ஊரில் அவருடைய தாயை அவர் தங்கை பார்த்துக்கொள்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை மாடிப்படியில் உட்கார்ந்து வீடியோவில் பேசிக்கொண்டிருப்பார், பாட்டி தூங்கும் நேரமாகப் பார்த்து. நான் படியேறும்போது நகர்ந்து வழிவிடுவார், திரையில் ஒரு கிழவியின் முகம் தெரியும்.

ஒரு குடும்பத்தில் ஒருவரைப் பார்த்துக்கொள்ள இன்னொரு குடும்பத்திலிருந்து ஒருவர் வந்துவிடுகிறார். அங்கே ஓர் இடம் காலியாகிறது. கும்பகோணமோ ஸ்டுட்கார்ட்டோ, இதில் வித்தியாசம் இல்லை. ஆகவே ஆள் வைத்தால் பிரச்சினை தீர்ந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை. நாங்கள் செய்தது இவ்வளவுதான்: ஒப்பந்தக் காலம் முடிந்ததும் ஏஜென்சியை விட்டுவிட்டு முழுச் சம்பளத்தையும் அவரிடமே கொடுக்கிறோம். ஞாயிறு விடுமுறை, சம்பளம் பிடிக்காமல். அவர் மகளுக்குக் காய்ச்சல் என்றால் வரவேண்டாம் என்று அண்ணியே போன் செய்துவிடுவார். வீட்டில் எல்லோரும் சாப்பிடுவதையே, அதே தட்டுகளில், அவரும் சாப்பிடுகிறார். தனித் தட்டு வைத்திருக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். தாயின் உடம்பைத் தொட்டுத் துடைக்கிறவருக்கு, நம் தட்டைத் தொடக்கூடாது என்று எந்த வாயால் சொல்வது?

வீட்டுப் பத்திரம் பற்றியும் பேசினோம். அம்மா தன் பங்கை அண்ணனுக்குச் செட்டில்மென்ட் எழுத விரும்புகிறார். எழுதுவது அவர் விருப்பம். ஆனால் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பராமரிக்காமல் விட்டால் அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்க 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆவது பிரிவு வழி தருகிறது, நிபந்தனை எழுத்தில் இருந்தால்தான் வழக்கில் பலம். வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகத்தில் உள்ள தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். அண்ணன் மேல் சந்தேகம் இருந்து இதை நான் சொல்லவில்லை. அண்ணனே, "எழுதும்மா, எனக்கென்ன" என்றுதான் சொன்னார். என் பங்கை என்ன செய்வது என்று அண்ணியையும் உட்கார வைத்துத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இந்த எல்லாவற்றிலும் எனக்குக் கடினமானது விடுமுறை. வருடத்துக்கு ஆறு வாரம் விடுப்பு எனக்கு. அதில் பாதி திருமணம், கோயில், ஷாப்பிங் என்று போய்க்கொண்டிருந்தது. 2023 முதல் கோடையில் மூன்று வாரம் நான் ஊருக்குப் போகிறேன். போகும் அன்றே அண்ணி பட்டுக்கோட்டைக்குக் கிளம்பிவிடுவார். முதல் வருடம் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு வாசலில் நின்றே அரை மணி நேரம் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். எந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வைத்தால் அம்மாவுக்கு வலிக்கும், எந்த மாத்திரையைப் பொடித்துக் கொடுக்க வேண்டும். போன நான்காம் நாளே திரும்பி வந்துவிட்டார், மனசு கேட்கவில்லை என்று. மறு வருடம் இரண்டு வாரம் இருந்தார். வட கடலுக்குப் போன அந்த மகளை நினைத்துக்கொண்டேன். திரும்பி வந்த அன்று தாயின் கட்டிலருகில் உட்கார்ந்து, கடற்கரையில் பொறுக்கிய சிப்பிகளை ஒவ்வொன்றாக அவர் உள்ளங்கையில் வைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துவிட்டுத்தான் அன்றைக்கு மேலே வந்து அவரைக் குறை சொன்னேன்.

இந்த ஜூலையில் அண்ணி முழு மூன்று வாரமும் பட்டுக்கோட்டையில் இருந்தார். தினமும் இரவு ஒன்பதரைக்குப் போன் வரும். பின்னால் அவருடைய அம்மா ஏதோ கேட்டுக்கொண்டே இருப்பார்.

"அத்தை சாப்பிட்டாங்களா? ராத்திரி எத்தனை தடவை எழுந்தே?"

நோட்டைப் பிரித்துப் படித்தேன். "12.15, 2.50, 4.30. மூணு தடவை அண்ணி."

"மூணா? ராத்திரி எட்டு மணிக்கப்புறம் தண்ணி நெறைய குடுக்கிற போலருக்கு. மாத்திரைக்கு ரெண்டு வாய் போதும். எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன்.